எழுத்து எத்தனை? – அலுவலக மேசையில் ஒரு புள்ளியின் கதை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை பாடியும் கேட்டும் வரும் அவை இது. இவ்வவையில் யாப்பையும் அணியையும் பற்றிப் பேசப் புகுந்தால் அது கொல்லத் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். ஆகவே, நாள்தோறும் நாம் கண்டும் காணாமற் செல்கின்ற சில பொருள்களை எடுத்துக்கொண்டேன். நகலெடுக்கும் பொறி, தட்டச்சுப்பொறி, கணிப்பொறி, கைப்பேசி ஆகியவையே அவை. "இவற்றிற்கும் தொல்காப்பியருக்கும் என்னம்மா உறவு?" என்று செயலாளர் ஐயா வினவினார். உறவு உண்டு. அந்த உறவின் பெயர் புள்ளி.

முதலில் நகலெடுக்கும் பொறி. தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர்க் கடைத்தெருவிற்குச் சென்றாலும் 'ஜெராக்ஸ்' என்னும் பலகை ஒன்று தொங்கும். நகலகம், ஒளிநகல், படி எனத் தமிழில் நல்ல சொற்கள் பல இருந்தும் மக்கள் நாவில் நின்றது அதுவே. அச்சொல்லின் வேர் கிரேக்கம். 'உலர்ந்த', 'எழுத்து' என்னும் இரண்டு சொற்களைக் கூட்டி அம்முறைக்குப் பெயரிட்டார்கள். நாம் சொல்வதானால் 'உலர்வரைவு'. நியூயார்க் நகரத்து அஸ்டோரியாப் பகுதியில் 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் செஸ்டர் கார்ல்சன் என்பார் தம் உதவியாளருடன் சேர்ந்து இம்முறையில் முதற்படியை எடுத்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினர். எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினர். பின்னர்ப் பொடி தூவி, மெழுகுத்தாளில் ஒற்றி எடுத்தனர். எடுக்கப்பெற்ற வாசகம் காவியமன்று. அன்றைய தேதியும் ஊர்ப்பெயருமே. இன்றளவும் நகலகங்களில் மிகுதியாக நகலெடுக்கப்படுவன தேதியும் முகவரியும் தாங்கிய சான்றிதழ்களே என்பதை எண்ணுங்கால், அப்பொறி தன் பிறவிக் குணத்தை விடவில்லை என்றே தோன்றுகிறது.

1959-இல் விற்பனைக்கு வந்த பொறிக்கு 914 என்று பெயர். 9 அங்குலமும் 14 அங்குலமும் கொண்ட தாள்வரை அது நகலெடுக்கும் என்பதே காரணம். அப்பொறிக்குள் தாள் சூடேறித் தீப்பற்றுவதும் உண்டாம். அதனால் சிறிய தீயணைப்பான் ஒன்றையும் உடன் தந்தார்கள். அனல்வாதத்தில் ஏடு வேகாதிருந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சிரிப்பைத் தரலாம்.

ஏடு என்றதும் நம் பழைய நகலகம் நினைவிற்கு வருகிறது. பனையோலையும் எழுத்தாணியுமாக அமர்ந்து படியெடுத்தவர்களே அந்நாளின் நகற்பொறிகள். ஓலையில் புள்ளி குத்தினால் அது கிழியும். ஆகையால் அவர்கள் பெரும்பாலும் புள்ளியிடவே இல்லை. இதனால் விளைந்த தொல்லை சிறிதன்று. மெய்யெழுத்தின் இயல்பு புள்ளி பெறுவது என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியர் விதித்திருக்கிறார். புள்ளி வைத்தால் 'எரி', வைக்காவிட்டால் 'ஏரி'. ஏட்டில் புள்ளி இல்லாதபோது நெருப்பும் நீர்நிலையும் ஒரே வடிவில் நின்றன! கால் வாங்கிய எழுத்தோ ரகரமோ என்ற ஐயமும் கூடவே வந்து சேரும். பழைய நூல்களின் பாடவேறுபாடுகளுள் ஒரு பங்கு இந்தப் புள்ளியின்மையால் பிறந்ததே. எகர ஏகார, ஒகர ஓகார வடிவ வேறுபாட்டை இன்றுள்ளவாறு அமைத்த பெருமை வீரமாமுனிவரைச் சாரும் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ஓலைச்சுவடிகளைத் தேடி ஒப்பிட்டுப் பதிப்பித்த பெருமக்கள், ஒருவகையில், காணாமற்போன புள்ளிகளைத் தேடியலைந்தவர்களே.

ஓலையில் இல்லாத புள்ளி தட்டச்சுப்பொறியில் முந்திக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்த ரா. முத்தையா அவர்களைத் தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை எனப் போற்றுகிறோம். நாற்பதுக்குச் சற்று மிகுந்த விசைகளுக்குள் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை அடக்குவது எளிய செயலா? அதற்கு வழியாக அமைந்தது நகராவிசை. அவ்விசையைத் தட்டினால் குறி தாளில் பதியும். ஆனால் தாள் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அக்குறியின் கீழேயே வந்து அமரும். அதனால் 'க்' வேண்டுமாயின் முதலில் புள்ளியைத் தட்டி, அதன்பிறகே ககரத்தைத் தட்ட வேண்டும். மெய் பிறக்கும் முன்னரே அதன் தலைக்குமேல் புள்ளி வந்து காத்திருக்கும்! 'கொ' என்று அடிப்பதற்கோ முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். மெய்யின் பின்னரே உயிர் தோன்றும் என்பது இலக்கணம். அப்பொறி உயிரைப் பிளந்து, மெய்யின் இருபுறமும் நிறுத்தியது. ஒலி வரிசையை விடுத்துக் கண் வரிசையைப் பின்பற்றியது எனலாம். தட்டச்சுப் பயிலகங்களில் 'லோயர்', 'ஹையர்' தேர்வுகளுக்கு விரல் தேயப் பழகியவர்கள் இவ்வவையிலும் இருப்பீர்கள். உங்கள் விரல்கள் இதனை இன்னும் மறந்திரா.

1978-இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியபோது ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலியவை இன்றைய வடிவம் பெற்றன. பெரியார் தம் 'குடிஅரசு' இதழில் 1935 முதலே கையாண்ட வடிவங்கள் இவை. அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை தந்தன என்பதில் ஐயமில்லை. இதனினும் மேற்சென்று இகர, ஈகார, உகர, ஊகார உயிர்மெய் வரிசைகளையும் சீராக்க வேண்டுமென வா.செ. குழந்தைசாமி அவர்கள் நெடுங்காலம் வாதிட்டார். குழந்தைகள் கற்க எளிதாகும் என்ற வாதத்தை இன்றும் எடைபோட்டுப் பார்க்கலாம். ஆனால் 'பொறிக்குள் அடங்கவில்லை, ஆகவே எழுத்தைக் குறையுங்கள்' என்னும் வாதத்திற்கு இன்று உயிரில்லை. பொறி வளர்ந்துவிட்டது. காலுக்குத்தான் செருப்பு என்பதை அது ஒப்புக்கொண்டுவிட்டது.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம்.

'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? தொடக்கப் பள்ளிக் குழந்தை 3 என்று சொல்லிவிடும். கட்டளைக் கலித்துறை பாடும் கவிஞரைக் கேளுங்கள். ஒற்றை நீக்கி 2 என்பார். நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு, நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு என விரல்மடக்கி எண்ணும்போது அவர் மெய்யை எண்ணுவதில்லை. மாத்திரை கணக்கிடுவோர்க்கு இரண்டரை. அசை பிரிப்போர்க்கு ஒரே நிரையசை. இப்போது கணிப்பொறியைக் கேட்டால் அது 5 என்று சொல்லும்! தகரம் ஒன்று, மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று. இணையத்தில் பெருவழக்காயுள்ள சேமிப்பு முறையில் இவை ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்ளுமாதலால், நினைவகத்தைக் கேட்டால் 15 என்று வரும். ஒரே சொல்லுக்கு இத்தனை விடைகள். தத்தம் கணக்கில் அனைத்தும் சரியே.

1991-இல் வெளிவந்த யூனிகோடு என்னும் ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதன் கணக்கில் அகரமேறிய 'க' ஒரு குறியெண். 'க்' என்பதோ இரண்டு. ஸ்ரீ என்பதற்கு நான்கு. மெய்யும் உயிரும் கூடியது உயிர்மெய் என்று பயின்ற நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். 'தனி மெய் சிறியது, உயிர்மெய் பெரியது. பொறி மாற்றிச் சொல்கிறதே, தமிழை அறியாதவர் செய்த பிழை' என்று மேடைகளில் முழங்குவோரும் உளர்.

நான் அவ்வளவு விரைவில் தீர்ப்பு வழங்கமாட்டேன். கணிப்பொறியில் 'க்' என்று எழுதி, அழிக்கும் விசையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். புள்ளி மட்டும் நீங்கி 'க' நிற்கும். அழித்தால் உயிர் வருகிறது! வேடிக்கையாக இருக்கிறதல்லவா? ஆனால் தொல்காப்பியர் நூன்மரபில் உரைப்பதும் இதுவே. புள்ளி இல்லாத மெய், தன் உருவம் மாறாமல் அகரத்தோடு கூடி உயிர்க்கும் என்கிறார். ஒலியைப் பற்றிப் பேசும்போது மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும். வடிவத்தைப் பற்றிப் பேசும்போது உயிர்மெய் வடிவின்மேல் புள்ளியிட மெய்யாகும். ஒலி வேறு, வரிவடிவு வேறு எனப் பகுத்தறிந்தவர் அவர். பொறி அவரது வடிவிலக்கணத்தைப் பிடித்துக்கொண்டது, ஒலியிலக்கணத்தை விட்டுவிட்டது. பாதித் தொல்காப்பியம் படித்த மாணவன் என்று அதனை மன்னிக்கலாம். எழுத்துகள் அனைத்திற்கும் தனித்தனிக் குறியெண் தரும் 'டேஸ் 16' என்னும் முறையையும் ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஏற்றது. எனினும் உலகெங்கும் கைப்பேசிகளில் ஓடுவது ஒருங்குறியே.

மற்றப் பாதியையும் படித்த மாணவன் ஒருவன் உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான 'தமிழ் 99' விசைப்பலகைதான் அது. அதில் ககரத்தை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் 'க்க' என்று புள்ளி தானே வந்து அமரும். நகரத்தை அடுத்துத் தகரத்தைத் தட்டினால் 'ந்த'. மகரத்தை அடுத்துப் பகரத்தைத் தட்டினால் 'ம்ப'. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தால் முன்னது மெய்யாகவே இருக்கும் என்னும் மொழியியல்பு விசைக்குள் புகுந்துவிட்டது. நன்னூலார் கண்டால் மகிழ்வார். 'அகக்கண்' என்று எழுதும்போது மட்டும் பொறி சற்றே தடுமாறும்; முதற் ககரத்தை அடுத்து அகரத்தையும் தட்டி, 'இங்கே உயிர் இருக்கிறது' என்று நாம் சொல்லித்தர வேண்டும். அகக்கண்ணைத் திறக்க யாருக்கும் சிறிது உதவி வேண்டியிருக்கிறது.

இவை எல்லாம் ஆராய்ச்சியாளர் பொழுதுபோக்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். அன்று. ஒரு கல்லூரியின் வருகைப் பட்டியலில் 'திருச்சிற்றம்பலம்' என்னும் பெயர் 'திருச்சிற்றம்பலம' என்று அச்சாகியிருந்தது. இலக்கண முறையில் அது பத்தெழுத்துப் பெயர். பட்டியலை அமைத்தவர் பதினாறு இடம் ஒதுக்கியிருந்தார். பத்தெழுத்துக்குப் பதினாறு தாராளம் என்றே எவரும் நினைப்பர். ஆனால் பொறியின் கணக்கில் அப்பெயர் பதினேழு. கடைசியாக நின்ற புள்ளி வெளியே தள்ளப்பட்டது. பெயருக்குரிய மாணவர் என்னிடம் வந்து, "அம்மா, என் பெயரின் மெய் போய்விட்டது" என்றார். சிரித்தோம். ஆனால் அந்தப் பெயர் அப்படியே சான்றிதழிலும் ஏறியிருந்தால், அதைத் திருத்த அவர் எத்தனை அலுவலகப் படிகள் ஏறியிறங்க வேண்டியிருந்திருக்கும்! ஓலையில் கிழியுமென்று விட்ட புள்ளியை இப்போது இடமில்லையென்று விடுகிறார்கள். அன்று பாடவேறுபாடு, இன்று பெயர்வேறுபாடு.

மற்றொன்று அகரவரிசை. கவி, கழி, களி, கறி, கனி. இது நம் நெடுங்கணக்கு முறை. யகர ரகர லகர வகரங்களுக்குப் பின், தமிழுக்கெனத் தனியே வேண்டப்பட்ட ழ, ள, ற, ன என்னும் நான்கையும் இறுதியில் நிறுத்தினர் நம் முன்னோர் என்பர். ஒருங்குறியோ இந்திய மொழிகளுக்கென 1988-இல் வகுத்த பொது வரிசையைத் தழுவியது. அதில் னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும், ழகரம் ளகரத்தின் பக்கத்திலும் குடியேறின. ஆதலால், குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளிடம் இவ்வைந்து சொற்களையும் தந்தால் கனி, கறி, களி, கழி, கவி என்று திருப்பித் தரும். முற்றிலும் தலைகீழ்! முறையாக அமைத்த மென்பொருள்கள் நம் வரிசையை அறிந்தவையே. அவற்றைக் கேட்டு வாங்குவோர் குறைவு. அலுவலகத்தில் வரிசை தவறினால் 'கம்ப்யூட்டர் அப்படித்தான் போடும்' என்று விடை வருகிறது. இப்படியே ஒரு தலைமுறை சென்றால் அகராதி புரட்டத் தெரியாத பிள்ளைகளுக்குப் பொறியின் வரிசையே தமிழ் வரிசை என்றாகிவிடாதா? என் கவலை இதுவொன்றே. பொறி தவறு செய்வதைப் பற்றி எனக்குக் கவலையில்லை; அதன் கணக்கை நாம் நம் கணக்காகக் கொள்வதில்தான்.

கவிஞர்களுக்கு ஒரு கைப்பேசிக் கணக்கும் சொல்கிறேன். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். அதில் ஆங்கிலக் குறிகள் 160 அடங்கும். வழக்கமான முறையில் தமிழ்க் குறிகள் 70 அடங்கும். இது தமிழுக்கு இழைத்த அநீதி என்று வருந்தியபோது, திருக்குறளை அதில் அடக்கிப் பார்க்கும் ஆசை வந்தது. கடவுள் வாழ்த்தின் முதற் குறளை எண்ணினேன். சீர்களின் இடைவெளியோடு 45. நிரம்ப இடமிருக்கிறது! ஒற்று மிகுந்த குறள் எது என்று தேடி, வான்சிறப்பில் உண்பார்க்கு உணவை விளைவித்துத் தானும் உணவாகும் மழையைப் பற்றிய பன்னிரண்டாம் குறளை எடுத்தேன். துகரத்தில் தொடங்கும் சொற்களாலேயே பெரிதும் தொடுத்த குறள் அது. பகர ஒற்று அதில் மழைத்துளிபோல விழுந்துகொண்டே இருக்கும். இலக்கணக் கணக்கில் 33 எழுத்து. பொறியின் கணக்கில் 62. ஆறு இடைவெளிகளும் சேர 68. அதுவும் அடங்கிவிட்டது! மகிழ்ச்சியில் குறளின் இறுதியில் இடம் விட்டு '12' என்று எண்ணையும் சேர்த்தேன். 71 ஆயிற்று, செய்தி இரண்டாகி, கட்டணமும் இரண்டாயிற்று. குறட்பாவிற்கு எண்ணிட்டது வள்ளுவரல்லர் என்பதால் அவர்மேல் பழியில்லை. நம் வட்டத்தில் நீண்ட புதுக்கவிதை எழுதுவோர் குறுஞ்செய்தியில் அனுப்பும்முன் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்க.

பொறிக்குள் பழந்தமிழ் அலுவலகம் ஒன்றும் ஒளிந்திருப்பதைப் பலர் அறியார். ஊர்க் கணக்குப்பிள்ளை தம் கணக்கேட்டில் 'மேற்படி' என்று முழுவதும் எழுதாமல் ௸ என்று ஒரே சுழியில் முடிப்பார். நாளுக்கு ௳, மாதத்திற்கு ௴, ஆண்டுக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹. இவை 2003-இல் ஒருங்குறியில் ஏறின. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி வைத்திருந்ததால் நம் பழைய எண்முறைக்குச் சுழியம் தேவைப்படவில்லை. எனினும் தமிழ்ச் சுழியத்திற்கும் 2005-இல் இடம் தந்தார்கள். 2019-இல் மேலும் 51 குறிகள் வந்தன. முந்திரி எனப்படும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு தொடங்கிப் பின்னங்கள், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு என்னும் அளவைகள், காசு, பணம், பொன், வராகன், குழி, வேலி என வரிசையாக வந்து அமர்ந்தன. எழுத்தைக் குறைக்கச் சொன்ன காலம் போய், உழக்கையும் பதக்கையும் இடம் தந்து உட்காரவைக்கும் காலம் வந்திருக்கிறது.

விழாமலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். மலரில் கவிஞர் பெயர்ப்பட்டியலை அகரவரிசையில் தருவதாகச் சொன்னார்கள். பொறி அடுக்கித் தந்ததை ஒருமுறை நெடுங்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யாருடைய பெயரின் இறுதியிலும் புள்ளி விடுபடவில்லையே என்றும் நோக்குங்கள்.

அந்த ஐம்பத்தொரு குறிகளுள் கடைசி இடத்தில் நிற்பது, பழைய சுவடிகளில் பனுவல் முடிந்தது என்று காட்ட இடும் முடிவுக் குறி. அதனை இட்டு இவ்வுரையை முடிக்கலாம் என்று எண்ணினேன். என் கைப்பேசியில் அதற்குரிய எழுத்துரு இல்லை. ஆகையால் வணக்கம் என்றே முடித்துக்கொள்கிறேன். நமக்கு ஐந்தெழுத்து; பொறிக்கு ஏழு.